திறன் என்பது நிலம்: நானோ கம்பிகளும் நாளைய சூரிய மின்கலமும்

(ரிஷிவந்தியத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறிவியலில் இன்று நடந்துகொண்டிருப்பதை ஊர்மக்கள் முன்னிலையில் தமிழில் விளங்கச் சொல்ல வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் நோக்கம். அர்த்தநாரீசுவரர் கோயில் கொண்ட இந்த ஊரில், கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் விளைவிக்கும் மக்கள் நடுவே நின்று குறைகடத்தி நானோ கம்பிகளைப் பற்றிப் பேசக் கிடைத்த வாய்ப்பைப் பெரும் பேறாகக் கருதுகிறேன். நானோ கம்பிக்கும் ரிஷிவந்தியத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு இருக்கிறது. அது நிலத்தின் வழியாக வருகிறது. சூரிய மின்கலத்தின் திறன் ஒவ்வொரு விழுக்காடு உயரும்போதும் அதே மின்சாரத்துக்குத் தேவைப்படும் இடம் சுருங்குகிறது. விளைநிலத்தை நம்பி வாழும் மாவட்டத்துக்கு அதைவிட நெருக்கமான அறிவியல் செய்தி வேறில்லை என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

ஒரு சதுர மீட்டர் வெயில்

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். வானம் தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் வெயிலின் வலு ஏறக்குறைய 1000 வாட். மழைநாள், மேகமூட்டம் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுச் சராசரி எடுத்தால், தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 யூனிட் அளவு ஆற்றல் வந்து சேர்கிறது. 20 விழுக்காடு திறனுள்ள சோலார் தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 1 யூனிட்டை மின்சாரமாக மாற்றுகிறது. தூசி, சூடு, இன்வெர்ட்டர் இழப்பு போக நம் கைக்கு வருவது அதனினும் சற்றுக் குறைவு. மீதி நான்கு யூனிட்டில் பெரும்பகுதி தகட்டைச் சூடாக்கிவிட்டுப் போகிறது.

ஐந்து குதிரைத்திறன் பம்புசெட் ஒன்றை வெயிலில் ஓட்ட ஏறக்குறைய 5 கிலோவாட் தகடுகள் வேண்டும். 20 விழுக்காடு திறனில் அதற்கு 25 சதுர மீட்டர் இடம் பிடிக்கும். திறன் 30 விழுக்காடானால் 17 சதுர மீட்டர் போதும். கிணற்றோரம் இருக்கும் ஒரு மோட்டாருக்கு இந்த வேறுபாடு சிறிதாகத் தெரியலாம். பெரிய அளவுக்குப் போனால் அதன் எடை புரியும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் நிலையம் 2,500 ஏக்கரில் பரந்திருக்கிறது. தகடுகள் மட்டும் 25 லட்சம். மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 4 ஏக்கர் என்று ஆகிறது. கமுதி வானம் பார்த்த பூமி. நம் மாவட்டத்தில் கோமுகி, மணிமுக்தா அணைகளின் தண்ணீர் பாயும் வயலில் இப்படித் தகடு பரப்ப யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது.

மலைக்குப் போனால் நிலைமை வேறு. நம் மாவட்டத்துக் கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்துச் சிற்றூர்கள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. அங்கே மரத்தை வெட்டித் தகடு விரிக்க முடியாது. வீட்டுக் கூரையும் பள்ளிக்கூடத்துக் கூரையும்தான் கிடைக்கிற இடம். மூன்று கிலோவாட்டுக்கு இன்றைய தகடு கேட்பது 160 சதுர அடி. ஓட்டுக் கூரையும் சிறிய வீடுமாக இருக்கும் இடத்தில் 160 சதுர அடிக்கும் 100 சதுர அடிக்கும் உள்ள வேறுபாடுதான், விளக்கு மட்டும் எரியுமா, மாவரைக்கும் இயந்திரமும் ஓடுமா என்பதை முடிவுசெய்கிறது.

வெயில் எங்கே வீணாகிறது

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவரும் சிலிக்கானால் செய்த சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டினார்கள். அதன் திறன் 6 விழுக்காடு. இன்று ஆய்வகத்தில் சிலிக்கான் மின்கலம் 27 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறது. எழுபது ஆண்டு உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் சிலிக்கானுக்கு ஓர் எல்லை உண்டு. அதை நாம் கிட்டத்தட்ட நெருங்கிவிட்டோம்.

அந்த எல்லை எங்கிருந்து வருகிறது? ஒளி, ஃபோட்டான் எனும் சிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது. சிலிக்கானுக்குள் ஓர் எலக்ட்ரானைக் கட்டிலிருந்து விடுவிக்கக் குறைந்தது 1.12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். இதை ஆற்றல் இடைவெளி என்கிறோம். அதற்குக் குறைந்த ஆற்றலுள்ள அகச்சிவப்பு ஒளி, சிலிக்கானைத் தொடாமலேயே கடந்துவிடும். அதற்கு மிகுந்த ஆற்றலுள்ள நீல ஒளி எலக்ட்ரானை விடுவிக்கும். மிச்ச ஆற்றல் சூடாகிப் போய்விடும். குறைவும் வீண், மிகையும் வீண். 1961இல் ஷாக்லியும் குவைசரும் இந்த இரண்டு இழப்புகளையும் கணக்கிட்டு, எதிரெதிர் வகைக் குறைகடத்திகள் கூடும் ஒரே ஒரு சந்தியைக் கொண்ட மின்கலத்துக்கு உச்சவரம்பு உண்டு என்று காட்டினார்கள். நம் வெயிலுக்கு அது ஏறக்குறைய 33 விழுக்காடு. சிலிக்கானுக்கே உரிய வேறு இழப்புகளையும் சேர்த்தால் அதன் வரம்பு 29.4.

இன்னொரு இழப்பு நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும். தகட்டின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் அளந்தது. சித்திரை வெயிலில் காற்றே 38, 40 பாகைக்குப் போகும்போது தகடு 65 பாகைவரை காய்கிறது. ஒவ்வொரு பாகைக்கும் சிலிக்கான் தகடு ஏறக்குறைய 0.35 விழுக்காடு வலுவை இழக்கும் என்று கொண்டால், நாற்பது பாகைக்கு 14 விழுக்காடு போய்விடும். வெயில் மிகுதியாக அடிக்கும் நேரத்தில்தான் இந்த இழப்பும் மிகுதி. கேலியம் ஆர்சனைடு, இண்டியம் பாஸ்பைடு போன்ற குறைகடத்திகளுக்கு ஆற்றல் இடைவெளி பெரிது. சூட்டில் அவை இழப்பது குறைவு. ஆகவே வெப்பநாட்டுக்காரர்களாகிய நாம் அவற்றின் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது செய்தி தடிமன். சிலிக்கான் ஒளியை மெதுவாகத்தான் உறிஞ்சும். அதனால் தகட்டிலுள்ள சிலிக்கான் வில்லையை ஏறக்குறைய 150 மைக்ரோமீட்டர் தடிமனில் அறுக்கிறார்கள். அவ்வளவு தூரத்தையும் எலக்ட்ரான் வழியில் சிக்காமல் கடந்து வெளியே வர வேண்டும் என்றால் படிகம் மிகத் தூய்மையாக இருக்க வேண்டும். கேலியம் ஆர்சனைடு ஓரிரு மைக்ரோமீட்டரிலேயே ஒளியை விழுங்கிவிடும். ஆனால் அதன் படிகத்தை வளர்க்க ஆகும் செலவு கடுமையானது. அதனால்தான் அது பெரும்பாலும் செயற்கைக்கோள்களிலேயே இடம் பிடித்தது.

கம்பி செய்யும் வேலை

இந்த மூன்று சிக்கல்களுக்கும் ஒரே வடிவத்தில் விடை தேடியதுதான் நானோ கம்பி. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நாம் பேசும் கம்பியின் குறுக்களவு 100 முதல் 200 நானோமீட்டர், உயரம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். அடித்தளத்தின் மேல் இவை ஒழுங்கான வரிசையில், இடைவெளி விட்டு, செங்குத்தாக நிற்கின்றன.

கம்பியின் குறுக்களவு ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது. அந்த அளவில் ஒளி நேர்கோட்டில் விழும் கதிரைப்போல நடந்துகொள்வதில்லை, அலையாகவே நடந்துகொள்கிறது. பக்கத்தில் வரும் அலையையும் கம்பி தன்பால் இழுத்து உறிஞ்சுகிறது. நம் ஊர் ஏரியை எண்ணிப் பாருங்கள். ஏரியின் பரப்பு சிறிது, அதற்கு நீர் தரும் நீர்ப்பிடிப்புப் பகுதி பெரிது. மழை விழுந்த இடம் எதுவானாலும் வாய்க்கால் வழியாக ஏரிக்கு வந்துவிடும். நானோ கம்பிக்கும் அப்படி ஓர் ஒளிப்பிடிப்புப் பகுதி உண்டு. எனவே தரை முழுவதையும் விலையுயர்ந்த பொருளால் மூட வேண்டியதில்லை.

இதனால் ஒரு தவறான எண்ணமும் பரவியது. அதைத் தெளிவுபடுத்த வேண்டும். 2013இல் கோபன்ஹேகனின் நீல்ஸ் போர் நிறுவனமும் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஒற்றைக் கேலியம் ஆர்சனைடு கம்பியை அளந்தன. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பை மட்டும் கணக்கில் கொண்டால் திறன் 40 விழுக்காடு என்று வந்தது. வரம்பு உடைந்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள். உண்மையில் அந்தக் கம்பி பக்கத்து இடத்தின் ஒளியையும் சேர்த்து எடுத்திருந்தது. அருகருகே கம்பிகள் நிற்கும் முழுத் தகட்டில் ஒவ்வொன்றும் தன் பங்கைத்தான் எடுக்க முடியும். வந்த வெயிலுக்கு மேல் எந்தத் தகடும் எடுக்காது. வந்ததைக் குறைந்த பொருளால் எடுக்கலாம் என்பதுதான் அந்த ஆய்வு காட்டிய நன்மை.

இரண்டாவது நன்மை, எலக்ட்ரான் நடக்கும் தூரம். கம்பியின் நடுத்தண்டை ஒரு வகைக் குறைகடத்தியாகவும், அதைச் சுற்றிய உறையை எதிர்வகையாகவும் அமைக்கலாம். ஒளி கம்பியின் நெடுக்கில் உறிஞ்சப்படும்; எலக்ட்ரானோ குறுக்கே சில பத்து நானோமீட்டர் நகர்ந்தால் போதும். ஒளிக்கு நீண்ட பாதை, மின்னூட்டத்துக்குக் குறுகிய பாதை. தட்டையான வில்லையில் இவ்விரண்டையும் தனித்தனியே அமைக்க வழியில்லை. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் கேயஸ், அட்வாட்டர், லூயிஸ் ஆகியோர் 2005இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2007இல் ஹார்வர்டில் சார்லஸ் லீபரின் குழு ஒற்றைச் சிலிக்கான் கம்பியில் இதைச் செய்தும் காட்டியது.

மூன்றாவது நன்மைதான் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது. கேலியம் ஆர்சனைடின் அணுக்கள் சிலிக்கானின் அணுக்களைவிட 4 விழுக்காடு அகலமான இடைவெளியில் அடுக்கப்பட்டவை. ஒன்றின் மேல் மற்றொன்றைத் தட்டையாக வளர்த்தால் படிகம் இறுக்கம் தாங்காமல் பிளவுபடும். கம்பியின் அடி மிகச் சிறியதாக இருப்பதால் அந்த இறுக்கத்தை அது பக்கவாட்டில் தளர்ந்து தீர்த்துக்கொள்கிறது. ஆகவே மலிவான சிலிக்கான் மேல் விலையுயர்ந்த குறைகடத்தியைக் கம்பியாக நட்டுவிட முடியும். மேலே நிற்கும் கம்பி ஆற்றல் மிகுந்த ஒளியை எடுக்கும். கீழிருக்கும் சிலிக்கான், அதைக் கடந்துவரும் ஆற்றல் குறைந்த ஒளியை எடுக்கும். இப்படி இரட்டை அடுக்காக்கினால் கொள்கை அளவிலான வரம்பு 45 விழுக்காட்டை எட்டுகிறது. 2015இல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் இத்தகைய அடுக்கில் 11.4 விழுக்காடு பெற்றது. எண் சிறிது, வழி திறந்திருக்கிறது என்பதற்கு அது சான்று.

கம்பி வளரும் விதம்

1964இல் பெல் ஆய்வகத்தின் வாக்னரும் எல்லிஸும் கண்ட முறை இன்றும் அடிப்படையாக இருக்கிறது. சிலிக்கான் வில்லையில் பொன்னின் மிகச் சிறு துளிகளை வைக்கிறார்கள். பொன்னும் சிலிக்கானும் தனித்தனியே ஆயிரம் பாகைக்கு மேல் உருகுபவை. கலந்தால் 363 பாகையிலேயே உருகிவிடும். சூடான அறைக்குள் சிலிக்கான் கலந்த வாயுவைச் செலுத்தினால் பொன்துளி அதை விழுங்கி, நிறைந்து, தாங்க முடியாத சிலிக்கானைத் தனக்கு அடியில் படிகமாகக் கக்குகிறது. துளி மேலே எழ, கம்பி கீழே வளர்கிறது. துளியின் அளவுதான் கம்பியின் தடிமன். வளரும்போதே வாயுவை மாற்றினால் ஒரே கம்பியில் வெவ்வேறு பகுதிகளை அமைக்கலாம்.

விலை குறைந்த மறுமுறையும் உண்டு. சில்வர் நைட்ரேட்டும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் சிலிக்கான் வில்லையை வைத்தால், வெள்ளித் துகள்கள் தாம் அமர்ந்த இடத்தை அரித்துக்கொண்டே கீழிறங்கும். அரிக்கப்படாத இடம் கம்பிகளாக நிற்கும். பளபளப்பான வில்லை தன்மேல் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். அரித்த வில்லையோ கரிபோல் கறுத்துவிடும். ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஹெலே சாவினின் குழு, வேறு முறையில் ஆக்கிய இத்தகைய கறுப்புச் சிலிக்கானைக் கொண்டு 2015இல் 22.1 விழுக்காடு பெற்றது. வெள்ளியைக் கொண்டு அரிக்கும் முறையைச் சீனத் தொழிற்சாலைகள் பல்படிகச் சிலிக்கான் தகடுகளில் பயன்படுத்தின. நானோ வடிவம் சந்தைக்கு வராது என்பவர்களுக்கு இது நல்ல விடை.

லுண்டும் கான்பெராவும்

2013இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் இண்டியம் பாஸ்பைடு கம்பிகளில் 13.8 விழுக்காடு பெற்றது. 180 நானோமீட்டர் தடிமனுள்ள அந்தக் கம்பிகள் பரப்பில் 12 விழுக்காட்டையே மூடியிருந்தன. மீதி 88 விழுக்காட்டில் கம்பி இல்லை. அதே பொருளில் செய்த தட்டையான மின்கலத்துக்கு ஒப்பான திறன் அது. நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகம் 2016இல் அதை 17.8 ஆக்கியது.

இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் நம் பக்கத்து மாநிலத்துக்காரர். சென்னுபதி ஜகதீஷ் ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, பள்ளிப் பருவத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர். நாகார்ஜுனா, ஆந்திரா, டெல்லி பல்கலைக்கழகங்களில் பயின்று, 1990இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு அவர் உருவாக்கிய குழு குறைகடத்தி நானோ கம்பி ஆய்வில் உலகின் முன்வரிசையில் நிற்கிறது. 2022இல் ஆஸ்திரேலிய அறிவியல் கழகத்தின் தலைவரானார். அவரும் அவர் துணைவியார் வித்யாவும் வளரும் நாடுகளின் மாணவர்களும் ஆய்வாளர்களும் கான்பெராவுக்கு வந்து பணியாற்ற உதவும் அறக்கொடை ஒன்றையும் நிறுவியிருக்கிறார்கள். ஓர் அறக்கட்டளை மேடையில் இதை நான் சொல்லாமல் விட முடியாது.

சென்னையில் பிறந்த ராமமூர்த்தி ராமேஷையும் இங்கே நினைக்க வேண்டும். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த இந்தப் பொருளறிவியலாளர், சூரிய மின்சாரத்தின் விலையைக் குறைக்க அமெரிக்க எரிசக்தித் துறை தொடங்கிய சன்ஷாட் திட்டத்தின் முதல் இயக்குநர். பெரிய நிலையங்களுக்கு 2020க்குள் எட்ட வேண்டும் என்று அத்திட்டம் வைத்த விலை இலக்கு 2017இலேயே எட்டப்பட்டது.

ஏன் இன்னும் நம் கூரைக்கு வரவில்லை

இவ்வளவு நன்மை இருந்தும் நானோ கம்பித் தகட்டைக் கடையில் வாங்க முடியாது. காரணங்களை மறைக்காமல் சொல்வதுதான் மாணவர்களுக்குப் பயன்படும்.

முதலாவது, மேற்பரப்பு. கம்பி மெல்லியதாக ஆக, அதன் கனஅளவோடு ஒப்பிட மேற்பரப்பு பெருகுகிறது. மேற்பரப்பில் அணுக்களின் பிணைப்புகள் பாதியில் அறுந்து நிற்கும். விடுபட்ட எலக்ட்ரான் அங்கே சிக்கி, எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடமான மின்துளையோடு சேர்ந்து அழிந்துவிடும். கேலியம் ஆர்சனைடு கம்பிக்கு அலுமினியம் கலந்த மெல்லிய உறை போட்டு இதைத் தடுக்கிறார்கள். இண்டியம் பாஸ்பைடுக்கு இயல்பாகவே இந்தச் சிக்கல் குறைவு. இரண்டாவது, ஒருமைப்பாடு. மில்லிமீட்டர் அளவு மின்கலத்தில் பெற்ற திறனை மீட்டர் அளவு தகட்டில் பெற, கோடானுகோடி கம்பிகளும் ஒரே தடிமனில், ஒரே உயரத்தில் வளர வேண்டும். மூன்றாவது, பொருள். இண்டியம் அரிது; ஆர்சனிக் நஞ்சு. பொன் அணுக்கள் சிலிக்கானுக்குள் கலந்தால் எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும்.

நான்காவது, சந்தை. 2008இல் லுண்டில் தொடங்கிய சோல் வோல்டைக்ஸ் நிறுவனம், அடித்தளமே இல்லாமல் காற்றோட்டத்தில் மிதக்கவிட்டுக் கம்பி வளர்க்கும் முறையை நம்பியது; அடித்தளத்தின் மேல் வளர்த்த கம்பிகளில் 15.3 விழுக்காடு திறனும் பெற்றது. ஆயினும் 2019இல் நொடித்துப்போனது. அந்தப் பத்தாண்டில் சிலிக்கான் தகட்டின் விலை ஏறக்குறைய பத்தில் ஒன்றாகச் சரிந்திருந்தது. சிலிக்கானோடு போட்டியிடுவதைவிட அதன் மேல் ஏறி நிற்பதுதான் கம்பிக்கு ஏற்ற வழி என்ற பாடத்தை அந்தச் சரிவிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

சிலிக்கான் மேல் ஏற இன்னொரு போட்டியாளரும் உண்டு. பெரோவ்ஸ்கைட் எனும் பொருளைச் சிலிக்கான் மேல் பூசிய இரட்டை அடுக்கு 2024இல் 34.6 விழுக்காட்டைத் தொட்டது. ஆனால் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது எளிதில் சிதைகிறது. கோடையில் காய்ந்து ஐப்பசியில் நனையும் நம் கூரையில் இருபத்தைந்து ஆண்டு நிற்குமா என்ற கேள்விக்கு அது இனிமேல்தான் விடை சொல்ல வேண்டும். கேலியம் ஆர்சனைடு போன்றவை விண்வெளியிலேயே பல்லாண்டு உழைத்தவை. அவற்றைக் கம்பியாக்கினால் கதிர்வீச்சையும் கூடுதலாகத் தாங்குகின்றன என்று 2019இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு காட்டியது.

நம் பங்கு

தமிழ்நாட்டில் சூரிய மின்கலத் தொழில் இன்று கனவாக இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறந்த ஃபர்ஸ்ட் சோலார் ஆலை, சிலிக்கானே இல்லாமல் சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள காட்மியம் டெலுரைடு படலத்தில் தகடு செய்கிறது. திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவரின் ஆலை சிலிக்கான் மின்கலமும் தகடும் செய்கிறது. படிகம் வளர்ப்பதற்கென்றே அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் இருக்கிறது. சென்னை ஐஐடியும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருக்கின்றன. ஆலை இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது. இவ்விரண்டையும் நோக்கி நடக்கும் பிள்ளைகள் நம் மாவட்டத்திலிருந்து போதிய அளவில் போகவில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். மாணவர்களே, மேற்பரப்பு அறிவியலைத் தேர்ந்து படியுங்கள். நானோ கம்பியின் வெற்றி தோல்வி மேற்பரப்பில்தான் இருக்கிறது. அதற்கு இயற்பியலும் வேதியியலும் சேர்ந்தே வேண்டும். ஆசிரியர்களே, பன்னிரண்டாம் வகுப்பில் குறைகடத்திப் பாடம் நடத்தும்போது ஒரு சிறு சோலார் தகட்டையும் மல்டிமீட்டரையும் வெயிலில் வைத்து, காலையிலும் நண்பகலிலும் மாணவர்களையே அளக்கச் சொல்லுங்கள். சூடேறச் சூடேற மின்னழுத்தம் குறைவதை அவர்கள் கண்ணால் காணட்டும். அமில அரிப்பு முறையை மட்டும் உரிய பாதுகாப்புள்ள பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு விட்டுவிடுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் எலும்புவரை ஊடுருவிக் கெடுப்பது. இந்த அறக்கட்டளையை நிறுவிப் பேணிவரும் குடும்பத்தாருக்கு என் பணிவான வேண்டுகோள்: இந்தச் சொற்பொழிவோடு ஆண்டுக்கு ஒரு மாணவரையோ மாணவியையோ கோடை விடுமுறையில் இத்தகைய ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பும் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு அதில் முதலிடம் கொடுங்கள்.

நாட்டுக்கு மின்சாரம் வேண்டும்; அதை வெயிலிலிருந்து எடுக்கத்தான் போகிறோம். அதற்கு எவ்வளவு நிலத்தைக் கொடுக்கப் போகிறோம் என்பதை ஆய்வகத்தில் உயரும் திறன்தான் முடிவுசெய்யும். அந்தத் திறனை உயர்த்தும் வேலையை முழுவதும் பிறரிடம் விட்டுவிட்டால், நம் நிலத்தைப் பற்றிய முடிவையும் பிறரிடம் விட்டவர்களாவோம். அந்த வேலையில் இந்த மண்ணின் பிள்ளைகளும் பங்கேற்க வேண்டும் என்ற விருப்பத்தோடு என் உரையை நிறைவுசெய்கிறேன்.